பெரிய டிராப்ஸோனுக்கு முதல்முறை போகிறீர்களா? ஈலாயை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நான் ஸ்கைடைவிங் கற்றுக்கொண்ட இடத்தில் இருந்தது ஒரே ஒரு செஸ்னா 182. பைலட்டைத் தவிர நான்கு பேர் ஏறலாம். முழங்காலை மடக்கிக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக மேலே போவோம். யாருடைய பாராசூட் என்ன நிறம், யார் எந்த மூலையில் இறங்குவார் என்பதெல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி. 61 ஜம்ப்புகள் அப்படியே ஓடிவிட்டன. 62-வதற்கு அரிசோனாவில் உள்ள ஈலாய்க்குப் போனேன்.

பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவில், ஐ-10 நெடுஞ்சாலையை ஒட்டிய பாலைவன ஊர் அது. அங்கேதான் ஸ்கைடைவ் அரிசோனா என்ற பெரிய டிராப்ஸோன், அதாவது ஸ்கைடைவர்கள் குதிக்கும் மையம், இருக்கிறது. ஒரு ட்வின் ஆட்டர் விமானம் இருபதுக்கும் மேற்பட்டவர்களை மேலே விட்டுவிட்டுத் தரையைத் தொடும். அதே நேரம் இன்னொன்று எஞ்சினை அணைக்காமலே ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். வானத்தில் எண்ண முடியாத அளவுக்குப் பாராசூட்கள். முதன்முறை கோயம்பேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவனைப் போல, பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

25 ஜம்ப் முடித்து முதல் நிலையான 'ஏ' லைசென்ஸ் வாங்கி, சின்ன இடத்தில் பழகிவிட்டு, முதல்முறை பெரிய இடத்துக்குப் போகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். விழுவதெல்லாம் எங்கேயும் ஒன்றுதான். பெரிய இடத்தில் புதிதாக வருவது கூட்டம். நீங்கள் யார், எப்படிப் பறப்பீர்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவர்களைப் பற்றி உங்களுக்கும் தெரியாது. கீழே சொல்லும் எல்லாமே அதைச் சமாளிக்கத்தான்.

படி 1: கிளம்பும் முன்

முதலில் காகிதங்கள். லைசென்ஸ், அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் (யுஎஸ்பிஏ) நடப்பு உறுப்பினர் அட்டை, ஜம்ப்புகளைக் குறித்து வைக்கும் லாக்புக், முதன்மைப் பாராசூட் கைவிட்டால் உதவும் ரிசர்வ் பாராசூட்டின் பேக்கிங் அட்டை. இந்தக் கடைசி அட்டையில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ரிசர்வ் பாராசூட்டை 180 நாளைக்கு ஒருமுறை ரிகர் எனப்படும் சான்று பெற்ற பாராசூட் நிபுணர் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்து முத்திரை வைக்க வேண்டும். கிளம்பும் நாளில் தேதி சரியாக இருந்தால் போதாது. திரும்பி வரும் நாள் வரைக்கும் இருக்க வேண்டும். என் ரிசர்வ் பயணத்தின் மூன்றாம் நாளில் காலாவதியானது. ரிகரிடம் வரிசை நீண்டு கிடந்தது. இரண்டு நாள் வாடகை ரிக்கில் (பாராசூட்கள் அடங்கிய முதுகுப் பை) குதித்தேன், அதன் தோள் பட்டை எனக்குப் பொருந்தவே இல்லை.

கடைசியாக எப்போது குதித்தீர்கள் என்று பாருங்கள். 'ஏ' லைசென்ஸ்காரர் 60 நாளுக்கு மேல் குதிக்காமல் இருந்தால், பயிற்றுநருடன் ஒரு மறுபயிற்சி ஜம்ப் செய்வது யுஎஸ்பிஏயின் பரிந்துரை. அடுத்த நிலையான 'பி'க்கு 90 நாள். அந்த மறுபயிற்சியைச் சொந்த இடத்திலேயே முடித்துவிட்டுப் போங்கள். புது இடம், புது விமானம், மறந்த கை மூன்றும் ஒரே நாளில் சேர வேண்டாம்.

விமானத்தில் போவதானால் ரிக்கைச் செக்-இன் லக்கேஜில் போடாதீர்கள், கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே இருக்கும் தானியங்கித் திறப்புக் கருவி எக்ஸ்ரேயில் பார்க்க வில்லங்கமாகத் தெரியும். அந்தக் கருவியின் எக்ஸ்ரே படம் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தயாரிப்பாளர்களே தருகிறார்கள், அதை ரிக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு அரைமணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

எப்போது போவது? ஈலாயில் ஜூன், ஜூலை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நம்மூர் ஆட்களுக்கு அது பெரிதில்லை என்று தோன்றும். முழு ஜம்ப்சூட், ஹெல்மெட், முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ ரிக் இவற்றோடு தார்ச்சாலையில் நின்று பார்த்தால் தெரியும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அருமையான காலம். ஆனால் கிறிஸ்துமஸை ஒட்டி அங்கே பெரிய திருவிழா கூடும், உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருவார்கள். முதல் பயணத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு செவ்வாய், புதன் போங்கள். அப்போது கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்ல ஆளுக்கு நேரம் இருக்கும்.

படி 2: போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மணி நேரம்

இந்த நேரத்தில் குதிக்காதீர்கள். கை பரபரக்கும், தெரியும். அடக்கிக்கொள்ளுங்கள்.

பதிவு மேசையில் உறுதிமொழிப் பத்திரம் தருவார்கள். 'நான் செத்தால் யார் மீதும் வழக்குப் போட மாட்டோம்' என்பதைப் பக்கம் பக்கமாக, வெவ்வேறு வார்த்தைகளில் எழுதி, ஒவ்வொரு பத்திக்கும் சுருக்கொப்பம் கேட்பார்கள். போட்டுத்தான் ஆக வேண்டும். அப்புறம் ரிக்கைப் பார்ப்பார்கள், லாக்புக்கைப் புரட்டுவார்கள்.

அதற்குப் பிறகு வருவது முக்கியம்: புதியவர்களுக்கான விளக்கம். சுவரில் இடத்தின் வான்படம் மாட்டியிருக்கும். சொல்பவர் தினமும் இதையே பத்துத் தடவை சொல்லிச் சலித்தவராக இருக்கலாம். வேகமாகச் சொல்லி முடிப்பார். நீங்கள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தால் பாதி மறந்திருக்கும். அதனால் வான்படத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, இதையெல்லாம் வாய்விட்டுக் கேளுங்கள்: இறங்கும் திசையை யார் தீர்மானிப்பது, அம்புக்குறியா, முதலில் இறங்குபவரா? என் அனுபவத்துக்கு எந்த இறங்குதளம்? அதிவேகமாகத் தரையை உரசி இறங்குபவர்களுக்கான பகுதி எங்கே, அதற்கு மேலே எந்த உயரத்துக்குக் கீழ் பறக்கக் கூடாது? இடது திருப்பமா, வலது திருப்பமா? திரும்பி வர முடியாவிட்டால் எந்த வயல், எந்தக் காலி நிலம்? மின்கம்பி எங்கே ஓடுகிறது?

பிறகு வெளியே போய் அந்தத் தரையில் நடந்து பாருங்கள். நிழலில் உட்கார்ந்து மூன்று லோடு (ஒரு விமானம் ஒருமுறை ஏற்றிப்போகும் கூட்டம்) இறங்குவதைக் கவனியுங்கள். எந்தக் கட்டடத்துக்கு மேலே திரும்புகிறார்கள், எந்த மரத்தைத் தாண்டி இறங்குகிறார்கள் என்று பார்த்தாலே விளக்கத்தில் விட்டதெல்லாம் புரிந்துவிடும். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரை மறக்காமல் பூஜ்யத்தில் வையுங்கள். ஈலாய் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 அடி மேலே இருக்கிறது. கடற்கரை ஊரிலிருந்து வருகிறவரின் முள் வேறு எங்காவது நின்றுகொண்டிருக்கும்.

படி 3: மேனிஃபெஸ்ட், அதாவது டிக்கெட் கவுண்டர்

எந்த லோடில் யார் ஏறுகிறார்கள் என்று பட்டியல் போடும் இடம்தான் மேனிஃபெஸ்ட். கணக்கில் பணம் கட்டி வைத்துக்கொண்டு, பெயர் கொடுத்தால், லோடு எண் சொல்வார்கள். 'லோடு 14, இருபது நிமிடம்' என்று ஒலிபெருக்கியில் வரும், திரையிலும் ஓடும்.

சின்ன இடத்தில் இருபது நிமிடம் என்றால் முக்கால் மணி நேரம் என்று அர்த்தம். பைலட் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பெரிய இடத்தில் இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம்தான். ஒரு பெரிய மையத்தில் 'பதினைந்து நிமிடம்' என்று காதில் விழுந்தபின் காபி வாங்கப் போனேன். கோப்பையோடு திரும்பியபோது என் லோடு ஓடுபாதையில் நகர்ந்துகொண்டிருந்தது. டிக்கெட் காசு போனதுகூடப் பரவாயில்லை. என்னை நம்பி மூன்று பேர் தரையில் ஒத்திகை பார்த்திருந்தார்கள். அவர்கள் திட்டத்தை ஏறும் இடத்திலேயே மாற்ற வேண்டியதாயிற்று. அதுதான் உறுத்தியது. இருபது நிமிட அழைப்பில் ரிக்கை மாட்டத் தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் ஏறும் இடத்தில் நில்லுங்கள்.

பாராசூட்டை நீங்களே மடிப்பவரா? புதியவருக்கு அரைமணி ஆகும். அவசரமாக மடித்து அடுத்த லோடைப் பிடிக்க நினைக்காதீர்கள். ஒன்று, ஒரு லோடு விட்டு அடுத்ததில் பெயர் கொடுங்கள்; அல்லது மடித்துத் தரும் பேக்கரிடம் காசு கொடுங்கள். பேக்கருக்கு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ரிக்கில் ஏதாவது விசேஷம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

படி 4: யாரோடு குதிப்பது

பெரிய இடங்களில் லோடு ஆர்கனைஸர் என்று ஒருவர் இருப்பார். ஆட்களின் திறமை பார்த்துக் குழு சேர்ப்பது அவர் வேலை. பெரும்பாலும் அதற்குத் தனிக் காசு கிடையாது. நேராகப் போய் 'எனக்கு 61 ஜம்ப், பெரிய விமானத்திலிருந்து குதித்ததில்லை' என்று சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. கூட்டிச் சொன்னால்தான் வில்லங்கம், காற்றில் மூன்றாவது விநாடியில் தெரிந்துவிடும்.

முதல் ஜம்ப் தனியாக அல்லது இன்னொருவரோடு மட்டும். எட்டுப் பேர் குழுவில் இடமிருக்கிறது, வா என்று யாராவது அன்பாகக் கூப்பிடுவார்கள். 'நாளைக்கு வருகிறேன்' என்று சொல்லப் பழகுங்கள். ஹெல்மெட்டில் கேமரா மாட்டுவதும் வேண்டாம். அதற்கு 'சி' லைசென்ஸும் 200 ஜம்ப்பும் வேண்டும் என்பது யுஎஸ்பிஏயின் பரிந்துரை. இன்ஸ்டாகிராம் காத்திருக்கும்.

படி 5: ஏறுவது, உட்காருவது

ட்வின் ஆட்டருக்கு இரண்டு புரொப்பெல்லர். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறுவீர்கள். சுழலும்போது அது கண்ணுக்குத் தெரியாது. எப்போதும் வாலின் பக்கமிருந்தே அணுகுங்கள். தொப்பி பறந்தாலும் அதன் பின்னால் ஓடாதீர்கள்.

ரிக்கை மூன்று முறை சோதிக்க வேண்டும்: மாட்டும் முன், ஏறும் முன், குதிக்கும் முன். மூன்றாவது சோதனையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை எதிரே உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் மார்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அப்புறம் குனிந்து விரலால் தொட்டுக் காட்டினார்: மார்புப் பட்டையை வளையத்துக்குள் விட்டவன், அதைத் திருப்பி மடக்கிக் கோக்கவில்லை. பாராசூட் விரியும் உதறலில் அது உருவிக்கொண்டு வந்திருக்கும். 'நானும் ஒருநாள் இப்படிச் செய்திருக்கிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீட் பெல்ட்டைப் போட்டே ஆக வேண்டும். 1992 ஏப்ரல் 22 அன்று கலிபோர்னியாவின் பெரிஸ் பள்ளத்தாக்கில் ஒரு ட்வின் ஆட்டர், எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்ததால் கிளம்பியவுடனே எஞ்சின் பலம் இழந்து விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். ஸ்கைடைவர்களிடையே சீட் பெல்ட் பழக்கம் இறுகியது அதற்குப் பிறகுதான். பெல்ட் போடாத ஒருவர் விபத்தில் மற்றவர்கள் மேல் வந்து மோதும் பாரமாகிவிடுவார்.

படி 6: கதவில்

சின்ன விமானத்தில் இல்லாத ஒரு கேள்வி இங்கே வரும்: யார் முதலில்? வழக்கமான வரிசை இது. வயிறு தரையைப் பார்க்க விழும் பெரிய குழுக்கள், பிறகு அதே வகைச் சின்னக் குழுக்கள், அடுத்து தலைகீழாகவும் நின்றும் பறக்கும் ஃப்ரீஃப்ளை ஆட்கள், பிறகு மாணவர்கள், பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டாண்டம், கடைசியில் இறக்கை வைத்த உடையில் பறக்கும் விங்சூட். காரணம் எளிது. வயிறு தரையைப் பார்க்க விழுபவர் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். ஃப்ரீஃப்ளை அதைவிட வேகம். மெதுவாக விழுபவரைக் காற்று அதிக தூரம் தள்ளும். விமானம் எதிர்காற்றில் போவதால், வேகமாக விழுபவரை முன்னால் அனுப்பினால் பின்னால் குதித்தவர் நகர்ந்து வந்து அவர் தலைக்கு மேலே நிற்பார்.

அடுத்த கேள்வி, முன்னால் போன குழுவுக்கும் நமக்கும் எத்தனை விநாடி இடைவெளி? கணக்கைப் பாருங்கள். விமானம் தரையைப் பொறுத்து 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கிலோமீட்டர்) வேகத்தில் போனால் விநாடிக்கு 152 அடி. குழுக்களுக்கிடையே 1,000 அடி வேண்டும் என்றால் ஏறத்தாழ 7 விநாடி. மேலே 30 நாட் எதிர்காற்று அடித்தால் தரை வேகம் 60 நாட்டாகக் குறையும். அதே 1,000 அடிக்கு 10 விநாடி ஆகும். 'முன்னால் போனவர்கள் 45 டிகிரிக் கோணத்துக்கு வந்ததும் குதி' என்று பழைய ஆட்கள் சிலர் இன்னும் சொல்வார்கள். அந்தக் கோணம் தரை வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது, நம்பாதீர்கள். குதிக்கலாம் என்று பச்சை விளக்கு எரிந்ததும் பின்னால் இருப்பவர்கள் முனகுவார்கள். முனகட்டும். எண்ணி முடித்துவிட்டுக் குதியுங்கள். ஆனால் கதவில் நின்றுகொண்டு முடிவெடுக்கவும் கூடாது. விநாடியை ஏறும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

13,000 அடியிலிருந்து பாராசூட்டை இழுக்கும் வரை விழ ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். பேசிய உயரத்தில் பிரிந்து விலகுங்கள். விமானம் போகும் கோட்டின் நெடுகப் போகாமல் அதற்குக் குறுக்காக விலகுங்கள். 'ஏ' லைசென்ஸுக்குப் பாராசூட்டை இழுக்கும் குறைந்தபட்ச உயரம் 3,000 அடி. நான் புது இடத்தில் 4,000-க்கே இழுத்துவிடுவேன். சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்கும்.

படி 7: பாராசூட்டுக்குக் கீழே

இங்கேதான் நிதானம் வேண்டும். 2023-ல் அமெரிக்காவில் 36 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜம்ப்புகளில் 10 பேர் இறந்தார்கள். பொதுவாகப் பார்த்தால் இப்படி இறப்பவர்களில் கணிசமானோருக்குப் பாராசூட் ஒழுங்காகத்தான் விரிந்திருக்கும். தரைக்குப் பக்கத்தில் தவறாகத் திரும்பியது, இன்னொருவர் மேல் மோதியது. கூட்டமுள்ள இடத்தில் இரண்டாவதற்கு வாய்ப்பு கூடும்.

விரிந்ததும் முதலில் விமானப் பாதைக்குக் குறுக்காகத் திரும்பி, அடுத்த குழுவும் விரிக்கும் வரை அப்படியே இருங்கள். ஆசை இறங்குதளத்தை நோக்கி இழுக்கும். அந்தப் பக்கத்திலிருந்துதான் உங்கள் தலைக்கு மேலே ஆள் விழலாம். பிறகு எண்ணத் தொடங்குங்கள்: எனக்குக் கீழே எத்தனை, என் உயரத்தில் எத்தனை. கீழே இருப்பவருக்கே வழி. இந்த விதியைக் கீழே இருப்பவரும் துஷ்பிரயோகம் செய்யக் கூடாது.

1,000 அடிக்கு வரும்போது காற்றோடு போகும் கோட்டில் இருங்கள். 600-க்கு அருகில் 90 டிகிரி திருப்பம், 300-க்கு அருகில் இன்னொன்று, அப்புறம் நேர்கோடு. நேர்கோட்டில் இடமும் வலமும் வளைந்து வளைந்து வராதீர்கள். சின்ன இடத்தில் உயரத்தைக் குறைக்க நான் பாம்பு மாதிரி வளைந்து வருவேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு பெரிய மையத்தில் அதையே செய்தேன். பின்னால் வந்தவர் கத்திய கத்தலில்தான் அவர் இருப்பதே தெரிந்தது. தரையில் அவர் வந்து திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'உன் பின்னால் எத்தனை பேர் இருந்தோம்?' என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குவதும் இதே குற்றம்தான்.

கட்டடத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் நடை மிச்சம் என்று எல்லோரும் அங்கேயே குவிவார்கள். நீங்கள் தூரத்துக் காலி இடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஐந்து நிமிட நடை ஒன்றும் செய்யாது. திரும்பி வர முடியாது என்று தோன்றினால் 2,000 அடியிலேயே வேறு நிலத்தைத் தீர்மானித்துவிடுங்கள். 500 அடியில் மனம் மாறாதீர்கள்.

பாலைவனத்துக்கே உரிய ஒன்று: சுழிக்காற்று. கோடையில் நம்மூர்க் காலி மைதானத்தில் சருகையும் பிளாஸ்டிக் பையையும் தூக்கிக்கொண்டு சுற்றுமே, அதேதான்; அங்கே பெரிய அளவில். தரைக்குப் பக்கத்தில் அதற்குள் மாட்டினால் பாராசூட் சுருங்கி விழும். புழுதி இருந்தால் கண்ணுக்குத் தெரியும். புல்தரை, தார் மேலே தெரியாது. நண்பகலில் தரையில் ஒன்றிரண்டைப் பார்த்தால் அந்த லோடை விட்டுவிடுங்கள்.

இறங்கியதும் வந்த திசையைத் திரும்பிப் பாருங்கள், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாராசூட்டை அள்ளிக்கொண்டு ஓரமாக நகருங்கள். வெளியே எங்காவது இறங்கியிருந்தால் மேனிஃபெஸ்ட்டுக்கு உடனே தகவல் சொல்லுங்கள். ஆள் குறைந்தால் அவர்கள் தேடத் தொடங்குவார்கள்.

மற்றவை

முதல் நாள் இரண்டு, மிஞ்சினால் மூன்று ஜம்ப் போதும். வளாகத்திலேயே சாப்பாடு, படுக்கை, கூடாரம் போட இடம் எல்லாம் உண்டு. காற்று அதிகமான நாளில் பக்கத்திலேயே இருக்கும் காற்றுச் சுரங்கத்தில் (கீழிருந்து வீசும் காற்றில் மிதந்து பழகும் இடம்) நேரத்தைச் செலவிடலாம், குதிப்பதைவிட அதில் கற்றது எனக்கு அதிகம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். 'எனக்கு இதுதான் முதல் ட்வின் ஆட்டர்' என்று சத்தமாகச் சொல்லிவிட்டால் மாலையில் எல்லோருக்கும் பியர் வாங்கித் தர வேண்டும், அது இந்த உலகத்தின் எழுதாத சட்டம். குடிக்காதவரும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

குடும்பத்தில் யாராவது டாண்டம் குதிக்க ஆசைப்பட்டால் முன்பதிவு செய்யுங்கள், 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை வரம்பைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். கயிறு கட்டிய ஷூ போதும். பாதி நாள் காத்திருக்கத் தயாராக வரச் சொல்லுங்கள்.

உங்களை வேடிக்கை பார்க்க வருபவர்களிடம் ஒன்றே ஒன்று: உங்கள் பாராசூட்டின் நிறத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொல்ல மறந்தேன். என் மனைவி இரண்டு நிமிடம் விடாமல் வீடியோ எடுத்து, கைதட்டி, 'சூப்பர்' என்று கத்தி, பக்கத்தில் ஓடிப்போய் நின்றிருக்கிறாள். ஹெல்மெட்டைக் கழற்றியவர் அறுபது வயது ஜெர்மன்காரர். அந்த வீடியோவை அவருக்கு அனுப்பி வைத்தோம்.